ஓட்டை வாளி

அமெரிக்காவின் நெப்ராஸ்காப் புல்வெளியில் காற்று பேயாய் வீசுகிறது. புல்மண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டுக்கு முன்னால், அப்பா வோய்டெக் மூன்றாவது கிணற்றுக்குள் தோண்டிக்கொண்டிருக்கிறார். முதல் இரண்டிலும் வெறும் புழுதி. ஓடையும் வற்றிவிட்டது, இதுவும் பொய்த்தால் நிலத்தை விட்டுவிட்டு வண்டி கட்ட வேண்டியதுதான். கயிறு வெடுக்கென்று இழுபடுகிறது. அம்மா போஜெனாவும் மகள் லுத்மிலாவும் ராட்டினத்தைச் சுற்ற, மண் அள்ளும் ஓட்டை வாளி ஆடி ஆடி மேலே வருகிறது. அதில் மண் இல்லை. அப்பாவின் ஒற்றை பூட்ஸ் மட்டும் நிற்கிறது. அம்மா கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். “வோய்டெக்! என்னாச்சு? பேசு!” அவள் கத்துவதைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. லுத்மிலா பூட்ஸைத் தூக்குகிறாள். கனக்கிறது. உள்ளே ஏதோ தளும்பி, அவளுடைய வெறுங்காலில் சில்லென்று கொட்டுகிறது. “அம்மா, தண்ணி! பூட்ஸ் நிறைய தண்ணி!” அம்மா அதைப் பிடுங்கி, சேறும் தோல் நாற்றமுமாய் மடக்கு மடக்கென்று குடிக்கிறாள், மோவாயில் வழிவதை மகள் இரண்டு கையாலும் ஏந்துகிறாள். ஒரு கணம் காற்று ஓய்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கிளம்புகிறது: “குடிச்சது போதும்டி! முழங்காலுக்கு வந்துடுச்சு, என்னைத் தூக்குங்க!”