மெழுகில் பதிந்த கை

அண்ணன் மில்லிங் மெஷினை நிறுத்திவிட்டு, தங்கை இறுக்கிப் பிடித்துக் கொடுத்த மெழுகுக்கட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அந்த அச்சைப் பார்த்துத்தான் அவளுடைய மடக்குக் கத்திக்குப் பித்தளைப் பிடி செய்ய வேண்டும். பழம் நறுக்குகிறவர்களின் கட்டைவிரல் பிடியின் முதுகோரமாக நீளப் படிந்திருக்கும். இவளுடையதோ ஓங்கிக் குத்துகிற கையைப் போல அடிமுனையை அழுத்தியிருக்கிறது. மேசையில் பித்தளைத் தூள் மினுங்குகிறது.

“எதுக்கும்மா இது?”

“பழம் நறுக்கத்தாண்ணா.”

அவள் சட்டைக்கையை இழுத்துவிடுகிறாள். அதற்குள் மணிக்கட்டில் கன்றியிருக்கும் நீலத்தை அவன் பார்த்துவிடுகிறான்.

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“அவருக்குத் தெரிய வேணாம்.”

அவன் ஒரு துணியை எடுக்கிறான். அவள் ஆசைப்பட்டாளென்று பித்தளையில் வரைந்து வைத்திருந்த பூக்கொடியைத் துடைத்து அழிக்கிறான். கட்டைவிரல் அழுந்தும் முனையில், வியர்த்த கையும் வழுக்காதபடி, நெருக்கமாகக் குறுக்குக்கோடுகள் செதுக்கத் தொடங்குகிறான்.