கைக்கணினியில் தமிழ்

சங்ககிரி லாரி ஆபீசில் பார்சல்களைப் பதிவுசெய்யும் பழைய கைக்கணினி, மூன்றாவது நாளாக இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தது. மேலாளர் காளியண்ணன் மாதேஷைக் கூப்பிட்டார்.

"செட்டிங்ஸுக்குள்ள போய் எதை மாத்தறே?"

"நான் தொடவே இல்லீங்க."

"இந்த மிசினை எடுக்கறது ரெண்டே பேர். சபித்ரி ஒடிசாக்காரப் பொண்ணு, அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? அப்ப நீதான். உண்மையைச் சொல்லு, இல்லீன்னா நாளையிலிருந்து வராதே."

மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த சபித்ரி எழுந்து வந்தாள்.

"நான்தானுங்க மாத்தினேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராதுங்க. இத்தனை நாளும் மாதேஷ் அண்ணனைக் கேட்டுத்தான் பட்டனை அமுக்கினேன்."

"தமிழ் மட்டும் எப்படி வந்துச்சு?"

"என் பொண்ணு இங்க ஒண்ணாவது படிக்கறாளுங்க. அவகூட உக்காந்து நானும் படிக்கறேன்."

காளியண்ணன் நம்பாமல் கைக்கணினியை நீட்டினார். அவள் திரையில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"சரக்கு... இறக்கி... முடிந்தது."

காளியண்ணன் மாதேஷின் தோளைத் தொட்டார்.

"மனசுல வெச்சுக்காதே சாமி. வா, டீ குடிக்கலாம்."