மூன்று வண்டிக்கும் ஒரே கைப்பிடி

"இது என்ன கோலம்?"

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாதபோதுதான் பயமாக இருக்கும்.

ஷெட்டில் மூன்று ஏடிவி வண்டிகள், பைக் மாதிரி ஹேண்டில் வைத்து மண்மேட்டில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டிகள், வரிசையாக நின்றன. ரேஸுக்கு இன்னும் ஒன்பது நாள். நான்கு சக்கரங்களையும் வெளியே தள்ளி அகலமாக்கி, உயரத்தைத் தாழ்த்தி, சைலன்ஸரை மாற்றி, பேசி வைத்தபடி எல்லாம் செய்திருந்தாள் மெக்கானிக் பெண். கூடவே யாரும் கேட்காத ஒன்றையும் செய்திருந்தாள்.

இந்த வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் என்பது வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன லீவர். கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அதைக் கழற்றிவிட்டு, மூன்றிலும் பைக்கில் இருப்பதுபோல் திருகுகிற கைப்பிடியை மாட்டியிருந்தாள்.

"அழுத்தி அழுத்தி விரல் மரத்துப் போகும் சார். கடைசி ரெண்டு சுத்துல வேகம் குறையுது. அதான் மாத்தினேன்."

"விரல் மரத்துப் போகுதுன்னு உன்கிட்ட யாரு வந்து அழுதா?" என்றான் தாடிக்காரன். டீமில் முதல் ஆள் அவன். "மேடு தாவி இறங்கறப்போ ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்போம். இது தன்னால திருகிக்கும். வண்டி அது பாட்டுக்குப் போகும், நான் பின்னாடியே ஓடி வரணும்."

பக்கத்தில் நின்ற ஒல்லி சிரித்தான். "ஓடினாலாவது உனக்குத் தொப்பை குறையும், விடு."

மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வயது. மற்ற இருவரும் அவரை 'சீனியர்' என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

நாலு மாதம் முன்பு வீட்டில் ஏணியிலிருந்து விழுந்ததில் அவர் கட்டைவிரல் முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் பழைய பலம் வரவில்லை. ஏழெட்டு சுற்று ஓடினால் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு உள்ளங்கையின் ஓரத்தால் லீவரைத் தள்ளித் தள்ளித்தான் ஓட்டி முடிப்பார். இது அவர் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

மேனேஜருக்குத் தெரிந்தால் அன்றைக்கே உட்கார வைத்துவிடுவார். அவர் இடத்துக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அடுத்த வருஷம் டீமில் யார் யார் என்பது இந்த ரேஸ் முடிந்ததும் முடிவாகும்.

"நீங்க என்ன சீனியர், ஒண்ணும் சொல்லாம நிக்கறீங்க?" என்றான் ஒல்லி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"வேலைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள பத்து வருஷமா ஓட்டறவங்களுக்கு ஓட்டக் கத்துக் கொடுக்கறியா? உன் வேலை எதுவோ அதை மட்டும் பாரும்மா."

மற்ற இருவரையும்விட அவர் குரல்தான் அதிகமாகக் கேட்டது.

அவள் முகம் ஒரு கணம் வாடியது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கண்ணா. பிடிக்கலைன்னா பழையபடியே மாத்தித் தரேன்."

"அதுக்கு ஆகற நேரத்தை ஞாயித்துக்கிழமை வந்து ஈடுகட்டு" என்றார் மேனேஜர்.

"சரி சார்."

முதல் நாள் பயிற்சி முடிந்ததுமே தாடிக்காரன் பழைய லீவரைக் கேட்டு வந்துவிட்டான். மறுநாள் ஒல்லியும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் தனியாக உட்கார்ந்து, கேபிள் முதற்கொண்டு கழற்றி, இரண்டு வண்டியையும் பழையபடி ஆக்கினாள்.

"உங்களுது அண்ணா?"

சீனியர் பின்கழுத்தைச் சொறிந்தார். "இருக்கட்டும். பழகிடுச்சு."

"நல்லதோ கெட்டதோ, கொடுத்ததை வாங்கிக்கற மனுஷன்" என்று ஒல்லி கிண்டலடித்தான். மேனேஜர் கையிலிருந்த பேப்பரிலிருந்து நிமிரக்கூட இல்லை.

ரேஸில் எட்டாவது சுற்றுக்கு அப்புறமும் சீனியரின் வண்டி தளரவில்லை. மணிக்கட்டு திருகியது, வண்டி கேட்டது. கடைசி இரண்டு சுற்றில் நாலு பேரைத் தாண்டி மூன்றாவதாக வந்தார்.

"அடுத்த வருஷத்துக்கும் உன் பேரைப் போட்டுட்டேன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார் மேனேஜர்.

சீனியர் நேராக ஷெட்டுக்குப் பின்னால் போனார். அவள் ஹோஸ் பிடித்து வண்டியின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உன்னை ரொம்பப் பேசிட்டேன். மன்னிச்சிடும்மா."

"பரவால்லண்ணா. எல்லாரும்தான் பேசினாங்க."

"அப்படி இல்லை. எல்லாருக்கும் நல்லதுன்னு நெனச்சு நீ பொதுவா செஞ்ச வேலை. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவின்னு உனக்குத் தெரியாது. நன்றி சொல்லணும்னா முதல்ல உண்மையைச் சொல்லணும்." கையை நீட்டினார். "இந்த விரல் இருக்கே..."

அவள் சட்டென்று தண்ணீரை நிறுத்தினாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"மெதுவா பேசுங்கண்ணா. போன மாசம் உங்க லீவரைக் கழட்டித் துடைச்சப்பவே தெரியும். விரல் படற இடம் புதுசாட்டம் இருந்துச்சு. உள்ளங்கை படற ஓரம்தான் தேஞ்சு பளபளன்னு இருந்துச்சு."

அவர் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா? அப்போ என் வண்டியில மட்டும் மாத்தியிருக்கலாமே. எதுக்கு மூணையும் மாத்தி, எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமையையும் விட்டுட்டு..."

"உங்களுதுல மட்டும் மாத்தியிருந்தா, ஏன்னு உங்களைக் கேட்டிருப்பாங்கண்ணா. மூணுலயும் மாத்தினா, என்னைத் திட்டிட்டு விட்டுருவாங்க."