மூன்றாவது அட்டை

“திரும்பவும் மாத்தணுமா? மிஸ்ஸி, இது புத்தகமா, இல்லாட்டித் தையல்கடைக்கு வந்த சட்டையா?”

ஸஹாப்தீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்தது அவருடைய அச்சகம். எதிரே நின்றவர் மக்டலின் மிஸ்ஸி. அன்புவழிபுரம், சாம்பல்தீவுப் பக்கமெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது.

அவர் கைக்காசில் போட்ட புத்தகம் ‘கர்ப்பிணிகள் அறிய வேண்டியவை’. பெரிய அளவு. வழவழப்பான அட்டை. அதில் வயிற்றோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம். எழுபத்துநாலாம் ஆண்டுத் தைப்பொங்கலோடு வெளிவந்தது.

அன்று பிடித்தது ஸஹாப்தீனுக்குத் தலையிடி.

முதலில் வந்து, “அட்டையில படம் வேண்டாம் தம்பி” என்றார் மிஸ்ஸி. மிச்சமிருந்த அத்தனை பிரதியிலும் அட்டையைக் கிழித்து, வெறும் எழுத்தோடு வேறு அட்டை போட்டுக் கொடுத்தார் ஸஹாப்தீன்.

பிறகு வந்து, “அளவு பெரிசாப் போச்சு. விளிம்பை வெட்டிச் சின்னனாக்கித் தாங்கோ” என்றார்.

“நாலு பக்கமும் அழகா வெள்ளை உட்டு அடிச்சிரிக்கன் மிஸ்ஸி!”

“அழகு காணும். வெட்டுங்கோ.”

வெட்டிக் கொடுத்தார்.

இன்றைக்குக் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள் மறுபடியும் வாசலில் வந்து இறங்கியிருந்தன.

“இப்ப என்ன மாத்தணும்?”

“அட்டை.”

“அதுதான் மாத்தியாச்சே!”

“தலைப்பையும் மாத்தவேணும். ‘சம்பல் வகைகள்’ எண்டு போடுங்கோ.”

அச்சுக் கோத்துக்கொண்டிருந்த பற்றிக், சிரிப்பை அடக்க ஏலாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“உள்ளுக்கு?”

“உள்ளுக்கு ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்லை.”

“உள்ளுக்குப் புள்ளப்பேறு, வெளியில தேங்காச் சம்பலா? யா அல்லாஹ்! பின் அட்டையில என்ட அச்சகத்துப் பேரும் இரிக்கி மிஸ்ஸி. வாங்குறவன் என்னைக் கள்ளன் எண்டு சொல்ல மாட்டானா?”

“ஆர் வாங்கப் போறது? நான் சும்மாதானே குடுக்கிறன்.”

“நாட்டுல தாளுக்குத் தட்டுப்பாடு. கொழும்புக்குப் போய் நிண்டாலும் அட்டை கிடைக்கிறதில்ல. நீங்க என்னடா எண்டா அட்டையில விளையாடுறீங்க!” ஸஹாப்தீன் எழுந்துவிட்டார். “எழுதுற ஆக்கள் எத்தனை பேரைக் கண்டிரிக்கன். பேரைப் பெரிசாப் போடு, படத்தைப் போடு எண்டு ஒத்தைக்கால்ல நிப்பாங்க. சொந்தப் புத்தகத்தை இப்பிடிக் கேவலப்படுத்தின ஆள் நீங்க ஒராள்தான். எழுதினதுக்கு வெக்கப்படுறீங்களா?”

மிஸ்ஸி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வெக்கம் எனக்கில்லைத் தம்பி. படத்தைக் கண்டிட்டு, சாம்பல்தீவில ஒரு மாமி புத்தகத்தை அடுப்புக்குள்ள வைச்சிட்டா. படத்தை எடுத்தம். ‘பெரிய புத்தகம் மிஸ்ஸி, ஒளிச்சு வைக்க ஏலாமக் கிடக்கு’ எண்டு பிள்ளையள் சொல்லிச்சினம். வெட்டினம். இப்ப ஒருத்தன் தலைப்பை வாசிச்சிட்டு, ‘மானங்கெட்ட புத்தகம்’ எண்டு பெண்சாதிக்கு அறைஞ்சிருக்கிறான். சம்பல் எண்டு போட்டா, சமையல் புத்தகமெண்டு குசினிக்குள்ள கிடக்கும். ஒருத்தனும் திறந்து பாக்க மாட்டான்.”

ஸஹாப்தீனின் கோபம் அப்படியே அந்தப் புருஷன் பக்கம் திரும்பியது.

“எவன் அந்த மடையன்? ரத்தம் பட்டா எங்க ஓடணும், கால் வீங்கினா என்ன செய்யணும் எண்டெல்லாம் எழுதியிரிக்கி. எழுத்தெழுத்தாப் பாத்து அடிச்சவன் நான். ரெண்டு உசிரைக் காப்பாத்துற சாமான் இது. இதைப் பறிக்கிறவன் மனிசனா? பேரைச் சொல்லுங்க, நான் போய்க் கேக்கிறன்!”

“பேர் சொல்லத் தொடங்கினா ஊர் முழுக்கச் சொல்லவேணும். அதை விடுங்கோ. இண்டைக்குக் காலமை ஒரு பிள்ளைத்தாச்சி ஒளிச்சு என்னட்ட வந்தவ. காலும் முகமும் பொதபொதவெண்டு வீங்கிக் கிடக்கு. கண் மங்குதாம். வெயிலுக்கு எண்டு நினைச்சுக் கிழமைக் கணக்கா இருந்திருக்கிறா. இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னன். புருஷனிட்டச் சொல்லப் பயமாம். ‘என்ர புத்தகம் உன்ர கண்ணில படவேயில்லையோ பிள்ளை?’ எண்டு ஏசினன்.”

“என்ன சொன்னா?”

மிஸ்ஸி அவர் முகத்தையே பார்த்தார்.

“‘எங்கட வீட்டுக்குத்தான் முதல் வந்தது மிஸ்ஸி. மை கூடக் காயேல்லை. அவர்தான் மெஷினில இருந்து எடுத்தவுடனே கொண்டுவந்தவர். நான் ஒரு தாள் புரட்ட முதல் பறிச்சு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டார். பொம்பிளையள் வாசிக்கிற சாமானில்லையாம்’ எண்டா.”

பற்றிக்கின் கை அந்தரத்தில் நின்றது.

ஸஹாப்தீன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார்.

“பற்றிக், மிஸ்ஸி சொல்ற மாதிரியே அட்டையை அடி. ஊட்டுல ரபீக்கா வவுத்துப்புள்ளையோட தனிய இரிக்கா. நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்.”