ஐயாயிரத்து மூன்று

வீட்டு கேஸ் இணைப்பின் எண் 523959187. அது எதாலும் வகுபடாத பகா எண் என்பது அருளாளனின் கட்சி. அதை நிரூபிக்க, மூன்றில் தொடங்கி, தினமும் ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை நோட்டில் எழுதிவந்தார். ஆவணியில், 4001-ஐ எழுதிய அன்று இறந்துபோனார். மறுநாள் காலை நோட்டில் 4003 இருந்தது, அவருடைய கையெழுத்தில். அன்றிலிருந்து காபிக்குப் பால் வைக்கும் முன் அவர் மனைவி புனிதவதி நோட்டைத் திறந்து பார்ப்பாள். யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் வந்திருந்த மகள் தமயந்தி நோட்டைக் கடைசி வரிவரை புரட்டிவிட்டு, அந்த எண்ணைப் போனில் போட்டுப் பார்த்தாள்.

“இது பகா எண்ணே இல்லம்மா. ஐயாயிரத்து மூணால மீதியில்லாம வகுபடுது. அப்பா இருந்திருந்தா மறுநாளே கண்டுபிடிச்சிருப்பார்.”

“கண்டுபிடிச்சா?”

“அதோட நோட்டை மூடிட வேண்டியதுதான்.”

கடைசி வரியிலிருந்த 4999 அன்று காலைதான் எழுதப்பட்டிருந்தது. மகள் பஸ் ஏறியதும் புனிதவதி நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் எழுதியிருந்த இணைப்பு எண்ணின் ஒரே 1-ஐ 7 ஆக்கினாள். நாற்பது வருடத்தில் அவர் கணக்கில் அவள் கைவைத்தது அதுதான் முதல்முறை. திருத்தியது பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் காலை நோட்டில் 5003 இல்லை. புதுப் பக்கத்தின் மேலே திருத்திய எண்ணை நிதானமாக எழுதி, முதலிலிருந்து தொடங்கியிருந்தார். இந்த முறை மூன்றிலிருந்துகூட இல்லை. ஏழில் முடிகிற எண்ணை இரண்டால் வகுத்துப் பார்க்கத் தேவையே இல்லை என்பது அவளுக்கே தெரியும். வகுத்து, மீதி ஒன்று என்று எழுதியிருந்தார்.