வலையில் வளரும் தோல்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் தலையில் முடி இருப்பவன்தான் வித்தியாசமாகத் தெரிவான். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த கதிரவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பானுப்ரியாதான் அவனைத் தேடிப் பிடித்தாள். சென்னையில் தீக்காயக்காரர்களுக்குத் தோல் வளர்த்துக் கொடுக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. மூன்று வாரமாகப் போனில் பேசியவனிடம், தான் சாமி கும்பிட வந்த இடத்திலேயே கையெழுத்தும் வாங்கிவிடலாம் என்று ஃபைலோடு வந்திருந்தாள்.

“அப்பாவுக்காக மொட்டையா?”

“ஆங், நைனாவுக்குத்தாங்க.”

“எல்லாரும் சந்தனம் பூசியிருக்காங்க, நீங்க பூசலையே? வெயில் சுடுமே!”

“சுடலீங்க.”

அவன் முன்னால் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. குடிக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

பொதட்டூர்பேட்டையில் அவர்களுடைய தறி ஷெட்டில் ஒயர் பற்றிக்கொண்டதில் அப்பா கஜபதிக்கு மார்பும் முதுகும் வெந்துபோயிருந்தன. தொடையிலிருந்து தபால்தலை அளவு நல்ல தோலை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அது வளர்ந்து வரும்வரை மனுஷன் தாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஊர்ப் பக்கமே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டதாகக் கதிரவன் சொன்னதிலிருந்து, ஆய்வகத்துக்கு எல்லாத் தகவலும் அவன் வாயால்தான்.

“அப்பாவுக்கு இப்ப வலி எப்படி?”

“வலி இல்லீங்க.”

“பின்னே என்ன! இதப் பாருங்க.” செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டாள். கண்ணாடித் தட்டில் மெல்லிய வலை. அதன் கண்களுக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ நகர்ந்தது.

“துணி மாதிரி நெய்றீங்களா?” என்றான், தறிக்காரன் இல்லையா!

“நெய்யறதில்ல, பாலிமர் இழைய மெஷின்ல இழுக்கறது. தலைமுடிய விட மெல்லிசு. உங்கப்பா செல்லுங்க அதப் பிடிச்சுக்கிட்டு வளருது. உடம்புல வெச்சா தோல் ஒட்டிக்கும், வலை தானா கரைஞ்சிடும்.”

“அசையுதுங்களே.”

“உயிரோட இருக்கில்ல!”

இன்னொரு முறை போடச் சொன்னான். அதற்குப் பிறகும் இரண்டு முறை பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோமே என்று பானுப்ரியாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பேனாவை நீட்டினாள்.

“ஆஸ்பத்திரி பேரு, டாக்டர் பேரு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே பெட்டியில அனுப்பிடறோம்.”

அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். எழுதவில்லை.

“உடம்புல வெக்காம, அப்டியே அங்கியே வளத்துகினு இருக்க முடியுங்களா?”

“அதெப்படி? மிஞ்சிப்போனா ரெண்டு நாள். அப்புறம் எரிச்சிடணும், ரூல்ஸ் அப்படி. அதுக்கு எதுக்கு யோசிக்கிறீங்க? அப்பாதான் தாங்கிட்டாரே, எழுதுங்க.”

கதிரவன் பேனாவை மூடி ஃபைலின் மேல் வைத்தான்.

“நைனாவ எரிச்சு பன்னெண்டு நாளாச்சுங்க மேடம்… இதையாவது எரிக்காம உடுங்க.”