மேசை சின்னது, குழி பெரிசு

"மாமா, அது பில்லியர்ட்ஸ் டேபிளா, டீக்கடை பெஞ்சா? ஏழடி மேசைல எழுபத்தோரு பந்து போட்டதையெல்லாம் வெளிய சொல்லிக்கினு திரியாத. கேக்கறவன் சிரிப்பான்."

"இன்னா மச்சான் சிரிப்பான்? நீ போட்டியா எழுபத்தொண்ணு?"

"வேலூர் கிளப்புல ஒம்போதடி மேசைல முப்பத்திநாலு போட்டவன் நானு. அங்க குழிக்குள்ள பந்தைப் போடறது, சாவி ஓட்டைல பூசணிக்காயை நுழைக்கற மாதிரி. நீ ஆடின பெங்களூரு கடையில கீறது குழியா? குளிக்கற தொட்டி!"

ஜமுனாமரத்தூருக்கு மேலே புதிதாகத் திறந்திருக்கும் ரிசார்ட்டின் விளையாட்டு அறை. மேனேஜர் கல்பனா இன்னும் வரவில்லை. வேலை கேட்டு வந்த இருவரின் சத்தம் சமையல்கட்டு வரை போனது. மாஸ்டர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு ரசித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாயிரத்துக்குக் காது சிவந்தது. எதிரில் நின்று சீண்டிய பார்த்திபன் வேறு யாருமில்லை, மனைவி ஜெயசுதாவின் பெரியப்பா மகன். அதே ஒரு வேலைக்குப் போளூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறி வந்து நிற்கிறான். பாசம்.

'பில்லியர்ட்ஸ் ஆடத் தெரிந்த ஆள் தேவை' என்று ஜவ்வாது மலையில் ஒரு வேலை வரும் என்று யார் நினைத்தது? கிடைத்தால் தினமும் வீட்டுச் சோறு. கிடைக்காவிட்டால் கார்த்திகையில் மறுபடியும் குடகு, காப்பிக்கொட்டை பறிக்க. போன தடவை அங்கிருந்து திரும்பியபோது மகள் கவியா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ வந்துகீறாங்க" என்றாள்.

ஆட்டம் ஒன்றும் மாயமில்லை. எந்தப் பந்து, எந்தக் குழி என்று வாயால் சொல்லிவிட்டுப் போட வேண்டும். விழுகிற வரை ஆடலாம். தவறினால் கோலைக் கீழே வைக்க வேண்டும். மேசையில் ஒரே பந்து மிஞ்சும்போது மற்றதை மறுபடி அடுக்கித் தொடரலாம். விடாமல் எத்தனை விழுந்தது என்பதற்குத்தான் இந்த மல்லுக்கட்டு.

"சின்ன மேசைன்னா லேசா?" என்றார் கண்ணாயிரம். "பந்துங்க சந்தை நாள் பஸ் மாதிரி நெருக்கினு நிக்கும். ஒண்ணைத் தொட்டா நாலு நவுரும். பிரிச்சி எடுக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். உன் ஒம்போதடில பந்துக்குப் பந்து ஒரு காணி எடம்!"

"துணி? உன் கடை மேசைத் துணி கண்ணாடி மாதிரி வழுக்கும். ஊதினாலே பந்து போய் விழும். இந்த மலைப் பனியில துணி நமுத்துப்போய் கம்பளி ஆயிருக்கும். இங்க நீ பத்து போட்டுட்டா, உன் பேரை என் கையில பச்சை குத்திக்கறேன்."

"குத்திக்கறதுக்கு எடம் பாத்து வச்சிக்க."

கல்பனா உள்ளே வந்தாள். "சண்டை அப்புறம் போட்டுக்கலாம்ணா. ரெண்டு பேரும் ஆடிக் காட்டுங்க."

முதலில் பார்த்திபன். மூன்றாவது பந்தே குழியின் உதட்டில் முட்டித் திரும்பி வந்தது.

"கோலு வளைஞ்சிகீதும்மா. முனைத்தோலும் தேஞ்சிபோச்சி. எனக்குக் கண்ணு ஒம்போதடிக்குப் பழகினது, இது எட்டடி."

மேசைக்கு நாலு கால் இருப்பதை மட்டும்தான் அவன் குறை சொல்லவில்லை.

அதே வளைந்த கோலைக் கண்ணாயிரம் எடுத்தார். துணி உண்மையிலேயே ஈரம் கோத்திருந்தது. கொஞ்சம் அழுத்தி அடித்தார். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

"ஓரத்துப் பந்து, கண்ணை மூடினே போடலாம்" என்றான் பார்த்திபன்.

பத்து தாண்டியது. முதல் அடுக்கு காலி.

"குவியலைப் பிரிக்க முடியாது மாமா, வுட்டுடு."

பிரித்தார்.

"எங்க, அந்தக் கறுப்பைக் கோடி மூலையில போடு பாக்கலாம். முடியாது."

போட்டார். மச்சான் சீண்டச் சீண்ட பந்து விழுந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். ஐம்பத்திரண்டு போட்டு, அடுத்தது நூலிழையில் தவறியதும் கண்ணாயிரம் கோலைச் சாய்த்து வைத்தார்.

"இப்ப சொல்லு. மேசை சின்னதா? குழி பெரிசா?"

பார்த்திபன் தலையைக் குனிந்தான். "தோத்துட்டன் மாமா. உன் எழுபத்தொண்ணு நெஜந்தான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் வீட்டு ஆள் ஒருவன் அவரை ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. இந்தக் கார்த்திகைக்குக் கவியாவிடம் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்காது என்று கண்ணாயிரம் நினைத்துக்கொண்டார்.

"நல்லதுண்ணா" என்றாள் கல்பனா. "பார்த்திபண்ணா, நீங்க திங்கக்கிழமை வந்து சேந்துக்கங்க."

"பேரை மாத்திச் சொல்றம்மா. அம்பத்திரண்டு போட்டது நானு."

"தெரியும்ணா. ஆனா இங்க வர்ற கெஸ்ட்டுங்க ஜெயிச்சாத்தானே மறுபடி வருவாங்க? அவங்ககிட்ட நம்பற மாதிரி தோக்கறதுக்குத்தான் ஆள் தேடறோம். உங்க ஊர்ல டவர் கெடைக்கலன்னு, நேத்தே பார்த்திபண்ணன்கிட்ட இதைச் சொல்லி உங்களுக்குச் சொல்லச் சொன்னேனே, சொல்லலையா?"

படிக்கிறவர்களே, ஜெயிக்கத் தெரிந்த ஆளுக்கு எங்காவது ஒரு வேலை இருந்தால் கண்ணாயிரத்துக்காக ஒரு வரி பதில் எழுதுங்கள். பார்த்திபனிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.